கன்டெய்னர் டிரெய்லர் சென்னை மதுரவாயல் பைபாஸில் வரலாமா? புனைபெயரில் மூவர் விவாதம்

வெளிவட்டம்: ஸ்ரீபெரும்புதூரிலிருந்து எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்குப் போகும் டிரெய்லர்களை மதுரவாயல் பைபாஸில் விடவே கூடாது. நசரத்பேட்டையில் இடப்பக்கம் ஏறினால் வெளிவட்டச் சாலை நேராக மீஞ்சூரில் கொண்டுபோய் விடும். வண்டலூர்–மீஞ்சூர் 62 கி.மீ., ஆறு வழி. பைபாஸிலோ அம்பத்தூர் எஸ்டேட் வண்டி, ஆபீஸ் கார், பைக் எல்லாம் கலந்து ஓடுகிறது.

ராயபுரம் லோடு: காட்டுப்பள்ளிக்குச் சரி சார். சென்னைத் துறைமுகத்துக்கு? மீஞ்சூரில் இறங்கி மறுபடி தெற்கே திருவொற்றியூர் வழியாக வரணும். பைபாஸ் என்றால் மாதவரம், மணலி, எண்ணூர் எக்ஸ்பிரஸ்வே, அவ்வளவுதான். லோடோடு லிட்டருக்கு மூன்று கி.மீ. கொடுக்கும் வண்டிக்குச் சுற்று என்பது நேரடி நஷ்டம். டோலும் கொஞ்சமா? 2008 தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதியின் அடிப்படை விகிதமே காருக்கு கி.மீ.க்கு 65 காசு, 4 முதல் 6 ஆக்சில் (சக்கர அச்சு) வண்டிக்கு 3.45 ரூபாய்.

நாலாம் அடுக்கு: அந்த வித்தியாசத்துக்குக் காரணம் ரோட்டிலேயே தெரியும். சேதம் ஆக்சில் எடையின் நாலாம் அடுக்கில் ஏறும், அதாவது எடை இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு. நாலு டயர் ஒற்றை ஆக்சிலுக்கு எடை வரம்பு 10.2 டன் இருந்ததை 2018-இல் 11.5 ஆக்கினார்கள். 1.3 டன் கூடியதற்கே சேதம் 1.6 மடங்கு. டோலுக்கு முன்னால் இடது லேனைப் பாருங்கள்: டயர் ஓடும் இரண்டு கோடும் குழிந்து, ஓரத்தில் தார் திரண்டு நிற்கும். மெதுவாக உருளும் பளுவுக்குத் தார் நெகிழும், வெயிலில் இன்னும் மோசம். மழை பெய்தால் அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும். பைக்கின் முன்சக்கரம் அதில் இறங்கினால் ஹேண்டில் சொன்னபடி கேட்காது.

ராயபுரம் லோடு: அது ஓவர்லோடு ஜல்லி டிப்பர் செய்யும் வேலை. டிரெய்லரின் பின்பக்க மூன்று ஆக்சிலுக்குச் சேர்த்து 27 டன், ஆக்சிலுக்கு 9தான். உங்கள் கணக்குப்படியே 11.5 டன் ஆக்சில் செய்வதில் பாதிச் சேதம்கூட வராது. ஏற்றுமதிப் பெட்டிக்கு 2016 முதல் விஜிஎம் (சரிபார்த்த மொத்த எடை) கொடுக்காமல் கப்பலிலும் ஏற்ற முடியாது.

வெளிவட்டம்: எடையை ஒப்புக்கொள்கிறேன். வலது லேனுக்கு என்ன பதில்? 55-இல் போகும் டிரெய்லரை 60-இல் போகும் இன்னொன்று முந்துகிறது. இரண்டும் 16 மீட்டர், முன்னும் பின்னும் 20 மீட்டர் இடைவெளி. முந்தி முடிக்க 50 விநாடிக்கு மேல், முக்கால் கிலோமீட்டருக்கு மேல். அதுவரை பின்னால் வரும் கார் எல்லாம் பிரேக்கில் கால் வைத்தபடி வரணும்.

ராயபுரம் லோடு: இடது லேன் காலியாக இருந்தால் யாரும் வலதுக்கு வர மாட்டான். இண்டிகேட்டர்கூடப் போடாமல் நிறுத்திய லாரி, சர்வீஸ் ரோட்டிலிருந்து திடீரென ஏறும் ஆட்டோ, எதிரே வரும் பைக். லோடு வண்டி ஒரு முறை நின்றால் முதல் கியரிலிருந்து ஏறணும். முதலில் லே-பை (சாலையோரம் வண்டி நிறுத்தும் இடம்) கட்டிக் கொடுங்கள், கழிப்பறையோடு. வெளிவட்டத்திலும் இதே குறைதான்.

நாலாம் அடுக்கு: லே-பை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் போகுமிடம் சரக்கோடு வரும் மின்னணுச் சீட்டான இ-வே பில்லிலேயே இருக்கிறது. காட்டுப்பள்ளி, எண்ணூர் பெட்டிகளை நசரத்பேட்டையிலேயே திருப்பிவிடலாம். சென்னைத் துறைமுகப் பெட்டி மட்டும், துறைமுகம்வரை கட்டப்படும் மதுரவாயல் ஈரடுக்குப் பாலத்தின் மேல்தட்டு திறக்கும்வரை, பைபாஸில் போகட்டும்.

வெளிவட்டம்: அதுவும் காலை 8 முதல் 11 வரை கூடாது.

ராயபுரம் லோடு: அந்த மூன்று மணி நேரம் வண்டியை எங்கே நிறுத்துவது என்று இடம் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.