கோடை விடுமுறை முழுக்க வெளியில்: 6, 9, 12 வயதுப் பிள்ளைகள் கையில் எந்த வேலையை எப்படி விடுவது?

தடம்தேடி எழுதியது:

வணக்கம். பிள்ளைகளுக்கு வயது 6, 9, 12. கோடை விடுமுறை எட்டு வாரம். மலைநடை, ஆற்றோரத்தில் கூடாரம் போட்டு ஓரிரு இரவு, நீச்சல், ஒருநாள் சைக்கிள் பயணம் என்று திட்டம். எங்கே போவது, என்ன வாங்குவது என்பதெல்லாம் முடிவாகிவிட்டது. பிள்ளைகள் மூட்டை முடிச்சோடு ஒரு மூட்டையாக வந்து திரும்பக் கூடாது. விடுமுறை முடிவதற்குள் ஆளுக்கு நாலு வேலையாவது துணையில்லாமல் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் ஆசை.

எந்த வேலையை எந்த வரிசையில் விடுவது? எவ்வளவு தள்ளி நிற்பது? 12 வயதுப் பிள்ளையை வழிகாட்டியாக முன்னே நடக்க விடலாமா? 'கவனமாக இரு' என்று பொதுவாகச் சொல்லாமல், எங்கே எது தவறும், ஏன் தவறும் என்று விவரமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

மலைத்தடம் எழுதியது:

வயதை வைத்து அளக்காமல் தூரத்தை வைத்து அளந்து பாருங்கள். கையெட்டும் தூரம், கண்ணெட்டும் தூரம், குரலெட்டும் தூரம், கடைசியாகக் கடிகார தூரம், அதாவது 'இத்தனை மணிக்குள் திரும்பி வா' என்பது. ஒரே பிள்ளை தண்ணீரில் கையெட்டும் தூரத்திலும், பாதையில் குரலெட்டும் தூரத்திலும், கூடாரத்தைச் சுற்றிக் கடிகார தூரத்திலும் இருக்கலாம். வேலைக்கு வேலை தூரம் மாறும் என்று பிள்ளைக்கே சொல்லிவிடுங்கள். அடர்ந்த காட்டில் கண்ணைவிடக் குரல் தூரம் போகும், வெட்டவெளியில் நேர்மாறு. ஆற்றிரைச்சலில் குரலை நம்பவே முடியாது, அங்கே விசில்.

இரண்டாவது, வேலையைத் துண்டு போட்டுத் தராதீர்கள். 'அந்த முளையை எடுத்துக் கொடு' என்பது எடுபிடி வேலை, அதில் பிள்ளை எதையும் தீர்மானிப்பதில்லை. 9 வயதுப் பிள்ளையிடம் கூடாரம் என்றால் இடம் பார்ப்பதிலிருந்து ஈரம் உலர்த்தி மடித்துப் பையில் போடுவது வரை அவர் பொறுப்பு. முதல் தடவை செய்து காட்டுங்கள், அடுத்து சேர்ந்து செய்யுங்கள், அதற்கடுத்து கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள், நாலாம் தடவை முடிந்த பிறகு வந்து பாருங்கள். மூன்றாவது கட்டம்தான் பெரியவர்களுக்குக் கஷ்டம். நீங்கள் 8 நிமிடத்தில் முடிப்பதைப் பிள்ளை 40 நிமிடம் செய்யும். அந்த நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டால் கை பரபரக்காது. இருட்டுவதற்கு 2 மணி நேரம் முன்பே இடம் போய்ச் சேருங்கள்.

கூடாரத்தில் வழக்கமாகத் தவறுவது இவை. முளையை நேர்செங்குத்தாக அடிப்பார்கள், காற்று வந்ததும் பிடுங்கிக்கொண்டு வரும். முளையின் தலை கூடாரத்தைவிட்டு விலகிச் சாய்ந்திருக்க வேண்டும், நுனி கூடாரப் பக்கமாக மண்ணுக்குள் போக வேண்டும். அடிவிரிப்பு கூடாரத்தின் ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீரைப் பிடித்து அடியில் கொண்டுபோய் விடும்; ஓரத்தை உள்ளே மடிக்க வேண்டும். மேலே பட்ட கிளை தொங்கும் மரத்தடியில் போடக் கூடாது. ஆற்றோரம் என்றால் பழைய வெள்ளம் விட்டுப்போன குச்சி, சருகு எந்த மட்டத்தில் சிக்கியிருக்கிறது என்று பிள்ளையையே தேடிப் பார்க்கச் சொல்லி, அதற்கு நன்றாக மேலே தள்ளிப் போடுங்கள்.

சுமை: உடல் எடையில் 10 சதவீதம், அதிகபட்சம் 15. 20 கிலோ எடையுள்ள 6 வயதுக் குழந்தைக்கு 2 கிலோ. அதில் தன் தண்ணீர், மழைச்சட்டை, விசில், தின்பண்டம் இருந்தால் போதும். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் தன் பொருள் தன் முதுகில் இருப்பது முக்கியம். எப்போது குடிப்பது, எப்போது சட்டை மாற்றுவது என்பதை அவரே தீர்மானிக்கலாம்.

நடை நேரத்துக்கு நேய்ஸ்மித் விதி உண்டு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நேய்ஸ்மித் 1892இல் சொன்னது: சுமார் 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு 1 மணி நேரம். அது தெம்பான பெரியவர்களுக்கான கணக்கு, ஓய்வு சேர்க்காதது. 6 வயதுப் பிள்ளை கூட வந்தால் இரட்டிப்பாக்குங்கள். 6 கிலோமீட்டர், 300 மீட்டர் ஏற்றம் என்றால் விதிப்படி 1 மணி 42 நிமிடம். உங்களுக்குக் கிட்டத்தட்ட மூன்றரை மணி நேரம். இந்தக் கணக்கை முந்தைய நாள் இரவு 12 வயதுப் பிள்ளை போடட்டும்.

வழிகாட்டலாமா என்றால், தாராளமாக. 1:25,000 அளவு வரைபடத்தில் 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். வரைபடத்தை நடக்கும் திசைக்குத் திருப்பிப் பிடித்து, இருக்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டே நடக்கப் பழக்குங்கள். ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு கேள்விக்குப் பதில் வாங்குங்கள்: அடுத்து என்ன தென்பட வேண்டும்? தாண்டிப் போய்விட்டால் எதை வைத்துத் தெரியும்? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் நகரக் கூடாது. திசைகாட்டியைக் கைபேசிக்குப் பக்கத்தில் பிடித்தால் முள் விலகும்; பிள்ளைகள் இரண்டையும் ஒரே கையில் வைத்துக்கொள்வார்கள், கவனியுங்கள். தவறான பிரிவில் திரும்பினால் உடனே சொல்லாமல் 10 நிமிடம் விடுங்கள். தானே கண்டுபிடிப்பதுதான் பாடம். உங்கள் பையில் இன்னொரு வரைபடமும் சார்ஜ் உள்ள கைபேசியும் இருக்கட்டும்.

வழி தவறினால் என்ன செய்வது என்பதை முதல் நடைக்கு முன்பே மூவருக்கும் ஒத்திகை பாருங்கள். கலிஃபோர்னியா மலையில் 9 வயதுச் சிறுவன் ஒருவன் காணாமல் போய் இறந்த பிறகு 1981இல் அங்கே பள்ளிக் குழந்தைகளுக்கு 'மரத்தைக் கட்டிக்கொள்' என்ற பாடம் தொடங்கியது. சாரம் இதுதான்: வழி தெரியவில்லை என்றதும் நட, தேடு என்று எதுவும் வேண்டாம், பக்கத்து மரத்தடியில் இரு. மூன்று முறை விசில், இடைவெளி, மறுபடி மூன்று. பையில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை, முகம் வெளியே தெரிய ஓட்டை வெட்டியது, குளிருக்கும் மழைக்கும். முக்கியமான ஒன்று: 'நீ தொலைந்தால் நாங்கள் திட்ட மாட்டோம், உன் பெயரைச் சொல்லித் தேடுகிறவர் யாரானாலும் பதில் கொடு' என்று சொல்லி வையுங்கள். திட்டு விழும் என்ற பயத்திலும், தெரியாதவரிடம் பேசாதே என்று பழக்கியதாலும் பிள்ளைகள் தேடுகிறவர்களிடமிருந்தே ஒளிந்துகொள்வதுண்டு.

நீர்வழி எழுதியது:

மலைத்தடம் சொன்ன தூரக் கணக்கு நல்லது. ஆனால் தண்ணீரில் தூரத்தை வயதோ ஆர்வமோ கூட்டக் கூடாது, சோதனை மட்டுமே கூட்ட வேண்டும். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஐந்து திறன்களைச் சொல்கிறது: தலைக்கு மேல் ஆழமுள்ள தண்ணீரில் குதித்து மேலே வருவது, 1 நிமிடம் மிதப்பது அல்லது நின்ற இடத்தில் நீந்துவது, முழு வட்டம் திரும்பிக் கரையேறும் இடத்தைக் கண்டுபிடிப்பது, அதை நோக்கி 23 மீட்டர் போல நீந்துவது, ஏணி இல்லாமல் மேலேறுவது. ஐந்தையும் ஒரே மூச்சில், இடையில் நிறுத்தாமல் செய்ய வேண்டும். ஒன்று குறைந்தாலும் கையெட்டும் தூரம்தான். குளத்தில் தேறியவர் ஆற்றில் தேறியதாக ஆகாது. குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால் முதல் ஓரிரு நிமிடம் மூச்சு தன்னால் இரைக்கும். அப்போது நீந்த முயலாமல் மல்லாந்து மிதக்கச் சொல்லிப் பழக்குங்கள்.

மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்று நினைக்காதீர்கள். வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும், மூச்சு விடவே நேரம் போதாது, சத்தம் வராது. 20 விநாடியிலிருந்து 1 நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். அதனால் ஒரு பெரியவர் 15 நிமிடத்துக்கு வேறு எந்த வேலையும் இல்லாமல் தண்ணீரை மட்டும் பார்க்க வேண்டும். கழுத்தில் ஒரு விசில் கயிறு. அடுத்தவர் வாய்விட்டு 'இனி நான் பார்க்கிறேன்' என்று சொல்லி வாங்கிக்கொண்ட பிறகே முறை மாறும். 12 வயதுப் பிள்ளையை 6 வயதுக்குக் காவல் போடவே வேண்டாம். சின்னவரைக் காப்பாற்றப் போய்ப் பெரியவரும் மாட்டிக்கொள்வார். அவருக்குக் கற்றுத் தர வேண்டியது, தான் இறங்காமல் கயிறோ கம்போ மிதக்கும் பொருளோ நீட்டிவிட்டுக் கூப்பாடு போடுவது.

லைஃப் ஜாக்கெட்டைப் பூட்டிய பிறகு தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்குங்கள். மோவாய், காது வரை ஏறினால் அளவு பெரிது. கையில் மாட்டும் காற்றடைத்த வளையங்கள் விளையாட்டுப் பொருள்கள், பாதுகாப்புச் சாதனம் அல்ல. ஓடும் தண்ணீர் பிள்ளையின் முழங்காலைத் தொட்டாலே தள்ளிவிடும். இழுத்துக்கொண்டு போனால் எழுந்து நிற்க முயலக் கூடாது, கால் கல்லிடுக்கில் மாட்டினால் வேகம் முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்தும். மல்லாந்து, கால் முன்னால், ஓட்டத்தின் திசையில் போய் ஓரமாக ஒதுங்க வேண்டும்.

தடம்தேடி எழுதியது:

இருவருக்கும் நன்றி. தண்ணீர்க் காவல் முறையை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். 9 வயதுப் பிள்ளைக்குக் கத்தியும் அடுப்பும் வேண்டும் என்று ஒரே ஆர்வம். 12 வயதுப் பிள்ளைக்கு சைக்கிள். அதையும் சொல்லுங்கள்.

சீவல் எழுதியது:

கத்தி முதலில் கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய கத்திக்கு அழுத்தம் அதிகம் வேண்டும், அழுத்தம் அதிகமானால் வழுக்கும். 6 முதல் 8 சென்டிமீட்டர் அலகு. மடக்குக் கத்தி என்றால் பூட்டு உள்ளது மட்டும், இல்லாவிட்டால் விரல்மேல் மடங்கிவிடும். மூடிய கத்தியோடு கையை நீட்டி ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும், அந்த வட்டத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது. உட்கார்ந்து மட்டுமே சீவ வேண்டும். முழங்கைகள் முழங்காலில் ஊன்றியிருக்க, மரத்துண்டு முழங்காலுக்கு முன்னால் வெளியே இருக்க வேண்டும். மடியில் வைத்துச் சீவுவதுதான் மிக ஆபத்து, தொடையின் உட்பக்கம் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. எழுந்தால் கத்தி உறைக்குள். முதல் வேலைக்குப் பச்சையான, மென்மையான, கணு இல்லாத குச்சி கொடுங்கள். காய்ந்த கட்டையில்தான் கத்தி திமிறும். முதலில் முனை கூராக்குவது, பிறகு கூடாரத்துக்கு முளை செதுக்குவது. 20 நிமிடம் போதும், கை சோர்ந்த பிறகுதான் வெட்டுப்படும். 6 வயதுக்குக் கத்தி வேண்டாம், காய் தோல் சீவும் கருவியால் குச்சிப் பட்டையை உரிக்கட்டும். அசைவு அதேதான்.

அடுப்பு: கூடாரத்துக்குள்ளோ அதன் வாசல் மறைப்பிலோ ஒருபோதும் கூடாது. தீயைவிட கார்பன் மோனாக்சைடு மோசம், வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்க்கும். சமதளமான தரை, கூடாரத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளி. முதலில் தீக்குச்சி, பிறகு வாயு. மாற்றிச் செய்தால் குப்பென்று பிடிக்கும். கேஸ் குப்பி மாற்றுவது பெரியவர் வேலை. ஸ்பிரிட் அடுப்பு பிள்ளைகளுக்கு ஆகாது, பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. பாத்திரம் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. சம்மணம் போட்டு அடுப்பு முன் உட்கார விடாதீர்கள். கொதிநீர் சாய்ந்தால் நேராக மடியில்தான், எழுந்து விலகவும் நேரமிருக்காது. குந்தியோ முழந்தாளிட்டோ இருக்கட்டும். சுட்டுக்கொண்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீர் 20 நிமிடம். ஐஸ், பற்பசை எதுவும் வேண்டாம்.

இருசக்கரம் எழுதியது:

சைக்கிள் விஷயத்தில் முதல் பொறுப்பு பஞ்சர். 12 வயதுப் பிள்ளைக்கு முழுதாகத் தரலாம். டியூபை வெளியே எடுத்துக் காற்றடித்துக் கன்னத்துக்குப் பக்கத்தில் சுற்றிக் கொண்டுபோனால் ஓட்டை தெரியும், இல்லாவிட்டால் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்க்கலாம். ஓட்டை கிடைத்ததும் ஒட்ட அவசரப்படுவார்கள். டயரின் உட்பக்கத்தைத் துணியால் தடவி முள்ளை எடுக்காமல் மாட்டினால் 100 மீட்டரில் மறுபடி இறங்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் காரணம் முள் இல்லை, காற்று குறைவாக ஓட்டிக் கல்லில் மோதி டியூப் நசுங்கியிருக்கிறது.

உப்புத்தாளால் ஒட்டைவிடச் சற்று அகலமாகத் தேயுங்கள். சொல்யூஷன் மெல்லிசாக. ஈரப் பளபளப்பு போகும் வரை, சுமார் 5 நிமிடம், கை வைக்காமல் காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் ஒட்டிய ஒட்டு கழன்று வந்தால் பெரும்பாலும் இந்த 5 நிமிடம் காத்திருக்காததுதான் காரணம். மாட்டும்போது டியூபில் உருண்டை வடிவம் வருமளவு கொஞ்சம் காற்று வையுங்கள். டயரின் கடைசிப் பகுதியைக் கட்டைவிரலால் தள்ளி ஏற்றுங்கள், லீவர் போட்டால் டியூபையும் சேர்த்துக் கடிக்கும்.

சாலையில் பிள்ளை முன்னால், பெரியவர் பின்னால், சற்று நடுச்சாலைப் பக்கமாக. வரும் வண்டியின் வேகத்தைக் கணிக்கும் திறன் மெதுவாகத்தான் வளர்கிறது. அதனால் சந்திப்புகளில் இறங்கித் தள்ளிக்கொண்டு கடப்பதே விதி, 12 வயதுக்கும்தான். ஹெல்மெட் புருவத்துக்கு இரண்டு விரற்கடை மேலே, பட்டைக்கும் மோவாய்க்கும் நடுவில் ஒரு விரல் நுழையுமளவு.

மேகக்கணக்கு எழுதியது:

மலைத்தடம் சொன்ன '10 நிமிடம் தவற விடுங்கள்' என்பதில் ஒரு திருத்தம். அது காலையில் மட்டும், கையிருப்புத் தண்ணீர் பாதிக்கு மேல் இருக்கும்போது மட்டும். பிற்பகலிலோ மேகம் திரளும்போதோ உடனே சொல்லிவிடுங்கள்.

இடி எண்ணுவதை 6 வயதுப் பிள்ளையின் நிரந்தர வேலையாக்குங்கள், எண்ணத் தெரிந்தால் போதும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே ஒவ்வொரு 3 விநாடியும் ஏறத்தாழ 1 கிலோமீட்டர். 30 விநாடிக்குள் இடி கேட்டால் எல்லாரும் உடனே கட்டடத்துக்கோ மூடிய வண்டிக்கோ போக வேண்டும். கூடாரமும் தனிமரமும் அடைக்கலம் அல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே வரலாம். அந்த 30 நிமிடமும் கைக்கடிகாரம் அந்தப் பிள்ளையிடம் இருக்கட்டும். புது இடி கேட்டால் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்று அவர் சொன்னால், பெரியவர்களும் மறுபேச்சில்லாமல் உள்ளே உட்கார வேண்டும்.