பிள்ளையின் உடம்பில் காயம்: தகவல் கொடுத்தால் நல அமைப்பு என்ன செய்யும்?

கேட்டவர்: மழலைவகுப்பு
மழலையர் வகுப்பு எடுக்கிறேன், எல்லாம் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள். எந்தக் காயத்தைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும்? பிள்ளையிடம் எவ்வளவு கேட்கலாம்? குழந்தை நல அமைப்புக்குச் சொன்னால் பிள்ளையை உடனே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று சக ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். அப்படித்தானா?

பதில்: வேப்பமரம்
முழங்கால், முழங்காலுக்குக் கீழே, நெற்றி இங்கெல்லாம் அடிபடுவது ஓடியாடும் பிள்ளைக்குச் சகஜம். ஆனால் 4 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மார்பு, வயிறு, முதுகு, பிட்டம், காது, கழுத்து இவற்றில் கன்றியிருந்தால் விடாதீர்கள். கன்னத்துச் சதை, தாடை மூலை, கண்ணிமை, மேலுதட்டையும் ஈறையும் இணைக்கும் சவ்வு கிழிந்திருப்பது இவையும் அப்படியே. பெல்ட், கயிறு, விரல்தடம் போல வடிவம் தெரிந்தால் எந்த வயதானாலும் சொல்லுங்கள். 4 மாதம் வரையுள்ள கைக்குழந்தைக்கு எங்கே கன்றியிருந்தாலும் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

கன்றலின் நிறத்தை வைத்து எத்தனை நாள் ஆனது என்று கணக்குப் போடாதீர்கள், நம்ப முடியாது. இடுப்பிலும் பிட்டத்திலும் பிறவியிலேயே இருக்கும் நீலத் திட்டையும் காயம் என்று எண்ணிவிட வேண்டாம். அது சில நாளில் நிறம் மாறி மறையாது.

பதில்: குறிப்பேடு
"இது எப்படி ஆச்சு?" என்று ஒரே ஒரு முறை கேளுங்கள், போதும். "அப்பா அடிச்சாரா?" என்று கேட்கவே கூடாது. சின்னப் பிள்ளை பெரியவர் சொன்னதற்குத் தலையாட்டும். பிறகு பயிற்சி பெற்றவர் பேசும்போது எது பிள்ளையின் நினைவு, எது நாம் வாயில் போட்டது என்று பிரிக்க முடியாது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்கும் கொடுக்காதீர்கள்.

நீங்கள் கேட்டதையும் பிள்ளை சொன்னதையும் வார்த்தை மாறாமல், தேதி, நேரத்தோடு அன்றைக்கே எழுதுங்கள். வீட்டில் உள்ளவர் மேல் சந்தேகம் என்றால் முதலில் வீட்டுக்குப் போன் செய்யாதீர்கள். பிள்ளையை மிரட்டி வைத்துவிடுவார்கள். நிரூபிப்பது உங்கள் வேலையில்லை, நியாயமான சந்தேகம் இருந்தாலே தகவல் கொடுக்கலாம்.

பதில்: களப்பணி
உடனே தூக்கிக்கொண்டு போவது கடைசி வழி. தகவல் வந்ததும் இன்றைக்கே போக வேண்டியதா, சில நாள் பொறுக்குமா என்று தரம் பிரிப்பார்கள். பணியாளர் பிள்ளையைத் தனியாகப் பார்க்க வேண்டும், கூடப் பிறந்தவர்களையும் பார்க்க வேண்டும். அடிக்கிறவர் வீட்டைவிட்டு வெளியேறினால் பிள்ளை அங்கேயே இருக்க முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு எழுதும் பாதுகாப்புத் திட்டத்தில் யார், எந்த நேரம் உடன் இருப்பார், யார் வந்து சரிபார்ப்பார் என்று இருக்க வேண்டும். "இனி அடிக்க மாட்டேன்" என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவது திட்டமே ஆகாது.

1989 ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 9-வது பிரிவுப்படி, பிரிப்பது பிள்ளையின் நலனுக்கு அவசியம் என்றால்தான் பிரிக்கலாம். அது நீதிமன்றப் பரிசீலனைக்கும் உட்பட்டது. 2009 ஐ.நா. மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல் இன்னும் தெளிவு: வறுமையை மட்டும் காரணமாக்கிப் பிரிக்கக் கூடாது, உடன்பிறந்தோரைக் கூடுமானவரை சேர்த்தே வைக்க வேண்டும், குறிப்பாக 3 வயதுக்குட்பட்டவர்களுக்குக் காப்பகத்தைவிடக் குடும்பச் சூழல் வேண்டும், தற்காலிகமாக வைத்த பிள்ளையின் நிலையை முடிந்தால் 3 மாதத்துக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

விசாரணை கெட்டுப்போவது பெரும்பாலும் தகவல் சிதறுவதால்தான். மருத்துவருக்கு ஒன்று தெரியும், பள்ளிக்கு ஒன்று, காவல்துறைக்கு ஒன்று. சேர்த்துப் பார்க்க ஆளில்லை. பணியாளர் மாறினால் ஃபைல் அப்படியே கிடக்கும். முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்து, பெரியவர்களிடம் மட்டும் பேசிவிட்டுப் போகும் விசாரணையில் பிள்ளையின் குரலே பதிவாகாது. லண்டனில் 2000-இல் கொல்லப்பட்ட விக்டோரியா கிளிம்பியே என்ற சிறுமியைக் காப்பாற்றக் குறைந்தது 12 வாய்ப்புகள் தவறவிடப்பட்டன என்று அந்த மரணத்தை விசாரித்த 2003 லாமிங் அறிக்கை சொன்னது.

கேட்டவர்: மழலைவகுப்பு
நன்றி. தகவல் கொடுத்த பிறகு எந்தப் பதிலும் வராவிட்டால்?

பதில்: களப்பணி
தகவல் கொடுக்கும்போதே பதிவு எண்ணும், எடுத்துக்கொண்டவர் பெயரும் கேட்டு எழுதி வையுங்கள். பதில் இல்லையென்றால் அவருடைய மேற்பார்வையாளரிடம் அந்த எண்ணைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். புதுக் காயமோ, பிள்ளை புதிதாகச் சொன்ன ஒரு சொல்லோ வந்தால் "முன்னமே சொல்லியாச்சே" என்று விடாமல், பழைய எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி தகவல் கொடுங்கள். பிள்ளை காரணமில்லாமல் வகுப்புக்கு வராமல் போனால் அதையும் அன்றே சொல்லுங்கள்.