மெஷின் கேஸுக்குள்ளே ஆடுது: ஒரு கிளாம்ப் இல்லாமல் கட்டிக்கலாமா?

சிறுமுள்:
வணக்கம். என்னுடையது ஈட்டா 2824-2 மெஷின் போட்ட ஆட்டோமேட்டிக் வாட்ச். சர்வீஸ் முடிந்து வந்ததிலிருந்து கையை உதறினால் உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். ரோட்டார் (கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் எடை) சுற்றும் சத்தம் எனக்குப் பழக்கம், இது அது இல்லை. நேரம் வைக்கச் சாவியை (பக்கத்தில் இருக்கும் திருகுக் குமிழை) இழுத்தால் டயலும் மயிரிழை அளவு கூடவே வருகிறது.

பின்மூடியைத் திறந்து, ரோட்டாரை ஒதுக்கிவிட்டுப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு பக்கம், மெஷினைக் கேஸோடு அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் என்ற சிறு தகடும் அதன் ஸ்க்ரூவும் இருக்கின்றன. நேர் எதிரே வெறும் ஓட்டைதான். சர்வீஸ் செய்தவரிடம் கேட்டால், "ஒண்ணு போதும், அதான் ஸ்டெம் பிடிச்சிருக்கே" என்கிறார் (ஸ்டெம் என்பது சாவியை மெஷினோடு இணைக்கும் கம்பி). சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டால் நின்றுவிடும் என்கிறார் ஒரு நண்பர். இரண்டுக்கும் எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பழைய திருப்புளி:
தம்பி, முதல்ல வாட்சைக் கழட்டி வைங்க. அந்த ஸ்க்ரூ எங்கே போச்சுன்னு தெரியுற வரைக்கும் கையில கட்டவே வேண்டாம். அது உள்ளேயே கிடந்தா, இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு நேரத்தை அளக்க ஆடிக்கிட்டே இருக்கிற பேலன்ஸ் வீலுக்கு அடியிலயோ ரோட்டாருக்கு அடியிலயோ போய் மாட்டும். இத்துனூண்டு ஸ்க்ரூ, அந்த வீலோட மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கை நாசம் பண்ணிடும்.

ஸ்டெம் பிடிச்சுக்கும்னு சொன்னதை ஏத்துக்காதீங்க. ஸ்டெம்முக்கு வேலை சாவி கொடுக்கிறதும் முள்ளைத் திருப்புறதும் மட்டும்தான். 2824-ல சாவி மாட்டுற முனையில மரை வெறும் 0.9 மி.மீ. மெஷின் ஆடினா ஒவ்வொரு அதிர்ச்சியும் அந்தக் கம்பியிலதான் இறங்கும். சாவி ட்யூபுக்கு நேரா நிக்காம ஒரு பக்கமா உரசும், உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர் அந்தப் பக்கமே தேயும், அப்புறம் ஈரம் இறங்கும். கடைசியில ஸ்டெம் மரை பக்கத்திலயே ஒடியும்.

க்ளூ வேண்டவே வேண்டாம். அதோட ஆவி மூடின கேஸுக்குள்ளே வெள்ளையாப் படியும், டயல்லயும் கண்ணாடிக்கு உள்பக்கமும். சொட்டு பெரிசா விழுந்தா இடுக்கு வழியா ஊறி எங்கே போகும்னு யாருக்கும் தெரியாது. அடுத்து அந்த மெஷினைக் கழட்டப் போறவர் பாவம்.

இப்போ ஒண்ணு பாருங்க. மரக்குச்சியால (இரும்பு வேண்டாம்) மெஷின் ஓரத்தைத் தொட்டு அசைச்சு, மேலும் கீழும் ஆடுதா, பக்கவாட்டில நகருதான்னு தனித்தனியாப் பாருங்க. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. மேல் கீழ் ஆட்டத்தைப் பிடிக்கிறது கிளாம்ப். பக்கவாட்டைப் பிடிக்கிறது மெஷினைச் சுத்தி இருக்கிற ரிங். சாவியோட டயலும் நகருதுன்னு சொன்னீங்களே, அதனால ரிங் மேல எனக்குச் சந்தேகம் இருக்கு. 2824-க்கு விட்டம் 25.60, கனம் 4.60 மி.மீ. ரிங்கோட உள்வட்டம் அதுக்கு ஒட்டி இருக்கணும். வேற மெஷினோட ரிங்கைப் போட்டுட்டு, தளர்வை கிளாம்ப் பார்த்துக்கும்னு விட்டுடுறது உண்டு. பார்த்துக்காது.

கடல்நீலம்:
குறுக்கே ஒரு கேள்வி. நான் என்எச்35 மெஷின் வாங்கி நானே ஒரு கேஸில் போட்டேன். அதில் கிளாம்பும் இல்லை, ஸ்க்ரூவும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் ரிங்தான். எனக்கும் ஏதாவது விட்டுப்போயிருக்குமோ?

பழைய திருப்புளி:
இல்லைங்க, அது அமைப்பே அப்படி. 27.4 மி.மீ. மெஷின் ரிங்குக்குள்ளே உட்காரும், பின்மூடியை இறுக்கும்போது மூடி அந்த ரிங்கை அழுத்திப் பிடிக்கும். அதனால மூடி போடாம சோதிச்சா ஆடத்தான் செய்யும், பயப்படாதீங்க. மூடியை முழுசா இறுக்கின பிறகும் ஆடினா, உங்க கேஸுக்கு ரிங் உயரம் பத்தலைன்னு அர்த்தம். சரியான உயரத்துல ரிங் தேடுங்க. பேப்பர் வெட்டி வைக்காதீங்க, நார் உதிர்ந்து எண்ணெயில ஒட்டும்.

அரைநிலா:
கையால் சாவி கொடுக்கும் பெரிய மெஷின் வைத்திருப்பவர்களுக்காக: 6497 போன்றவற்றில் கிளாம்ப் இல்லாமல் ஸ்க்ரூ தலையே கேஸ் விளிம்பைப் பிடிப்பதும் உண்டு. சிலவற்றில் தலை பாதி வெட்டியிருக்கும். வெட்டிய பக்கம் வெளியே பார்க்கும்படி திருப்பினாலே மெஷின் விடுபடும், முழுசாகக் கழற்ற வேண்டாம். தலை உடைந்த ஸ்க்ரூ என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள்.

சிறுமுள்:
அண்ணா, ஸ்டெம்மை எடுத்து மெஷினை வெளியே எடுத்துவிட்டேன். கிளாம்ப் கிடைத்தது! ரிங்குக்கும் கேஸுக்கும் நடுவே செருகிக் கிடந்தது. ஸ்க்ரூவின் தலை மட்டும் ரோட்டாருக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மீதி அந்த ஓட்டைக்குள்ளேயே ஒடிந்து நிற்கிறது, லூப்பில் (பூதக்கண்ணாடியில்) தெரிகிறது. முதலில் பார்த்தபோது வெறும் ஓட்டை என்று நினைத்தேன். ரிங் பித்தளை, மெஷின் அதில் சிக்கென்று உட்காருகிறது. காந்தம் வைத்து அந்தத் துண்டை இழுக்கலாமா?

பழைய திருப்புளி:
ரொம்ப நல்லது தம்பி, தலை கிடைச்சதே பாதி நிம்மதி. ரிங்கும் சரியா இருக்குன்னா, அழுத்திப் பிடிக்க எதிர்ப்பக்கம் ஆள் இல்லாமத்தான் இழுத்த பக்கம் சாஞ்சிருக்கு.

காந்தம் கிட்டவே கொண்டு போகாதீங்க. மரைக்குள்ளே இருக்கிற துண்டு அதுக்கு வராது, ஆனா ஹேர் ஸ்பிரிங் காந்தம் ஏறி வாட்ச் தாறுமாறா முந்தி ஓடும். துண்டு முனை கொஞ்சம் மேலே தெரிஞ்சா, கூரான ஊசியை அதோட ஓரத்துல வச்சு இடப்பக்கமா மெல்லத் தள்ளிப் பாருங்க. தலை ஒடிஞ்ச பிறகு இறுக்கம் விட்டுப்போகும், பல தடவை அப்படியே சுத்திக்கிட்டு வெளியே வரும்.

வரலைன்னா அதோட நிறுத்திடுங்க. அடுத்த வழி படிகாரத் தண்ணி. சூடான படிகாரக் கரைசல் எஃகைத் தின்னும், பித்தளையை விட்டுடும். ஆனா அதுக்கு மெஷினை முழுசாப் பிரிச்சு, மெயின் பிளேட்ல (மெஷினோட அடித்தகடு) வேற எஃகு ஒரு பொட்டுகூட இல்லாம எடுக்கணும். அதை நல்ல கைக்காரர்கிட்ட கொடுங்க. துளை போட்டு எடுக்கிறேன்னு யாராவது சொன்னா கொடுக்காதீங்க, கெட்டி எஃகுல வழுக்குற ட்ரில் மென்மையான பித்தளைக்குள்ளே இறங்கிடும்.

புது ஸ்க்ரூ வந்ததும் மெஷினை ரிங்கோட வச்சு, முதல்ல ஸ்டெம்மைப் போட்டு சாவி லேசா சுத்துதான்னு பாருங்க. அப்புறம்தான் கிளாம்ப். கிளாம்போட வெளிமுனை கேஸ் பக்கம் ஒரு துளி சரிஞ்சு நிக்கணும். ரெண்டு பக்கமும் சமமாப் படுத்திருந்தா ஸ்க்ரூ இறுகும், ஆனா கேஸ் மேல அழுத்தமே இருக்காது. அந்த நிலையில இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்குன்னு திருகினாதான் தலை பறக்கும். உங்களுக்கும் அப்படித்தான் ஒடிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். தட்டையா இருந்தா கிளாம்பைக் கழட்டி, சாமணத்துல பிடிச்சு முனையைக் கொஞ்சம் வளைங்க.

ரெண்டு ஸ்க்ரூவையும் மாத்தி மாத்தி, கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. காடியை முழுசா நிரப்புற அகலத்துல திருப்புளி எடுங்க. ரெண்டு விரல் பலம் போதும். நின்னதும் நிறுத்துங்க. கடைசியா ரோட்டாரை முழுச் சுத்து விட்டு எந்தத் தலையிலயும் இடிக்கலைன்னு பார்த்துட்டு மூடியைப் போடுங்க.

சிறுமுள்:
ஊசிக்கு வந்துவிட்டது அண்ணா! முனையில் மரை கொஞ்சம்கூட நசுங்கவில்லை. கிளாம்பை மேஜைமேல் வைத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னது போலவே தகடு மாதிரி தட்டை. இன்னொரு கிளாம்பில் வளைவு இருக்கிறது. புது ஸ்க்ரூ தேட வேண்டும். செல்லிட்டா எஸ்டபிள்யூ200 மெஷினுக்கு வருகிற கிளாம்ப் செட் இதற்குச் சேருமா?

பழைய திருப்புளி:
மெஷின் அளவு ரெண்டுக்கும் ஒண்ணுதான், 25.60-க்கு 4.60. கிளாம்ப் சேரும். ஸ்க்ரூவை மட்டும் வாங்கினதும் கையால ரெண்டு மரை விட்டுப் பாருங்க, தடையில்லாம இறங்கினா போடுங்க. ரெண்டையும் புதுசாவே மாத்திடுங்க, பழசும் அதே கைதான் இறுக்கியிருக்கு.