ட்ரூயிட்கள் உண்மையில் யார்? ஸ்டோன்ஹெஞ்சைக் கட்டியவர்களா?

மன்னார்குடிக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். ஒன்பதாவது படிக்கும் என் பெண், இங்கிலாந்தில் பெரிய கற்கள் வட்டமாக நிற்கும் ஸ்டோன்ஹெஞ்சைக் கட்டியது அந்தப் பக்கத்துப் பழங்காலப் பூசாரிகளான ட்ரூயிட்கள்தான் என்று அடித்துச் சொல்கிறாள். ஒரு வீடியோவில் அவர்கள் வெள்ளை அங்கி போட்ட ஞானிகள், இன்னொன்றில் ஆளைப் பிடித்து எரித்துப் பலி கொடுத்தவர்கள். எதை நம்புவது?

குடந்தை வாசகி:
முதலில் ஸ்டோன்ஹெஞ்சை விட்டுவிடுங்கள் சார். அங்கே பெரிய கற்களை நிறுத்தியது கி.மு. 2500 வாக்கில், ட்ரூயிட்களைப் பற்றி எழுத்தில் தகவல் கிடைப்பதோ அதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் பிறகு. 17ஆம் நூற்றாண்டில் ஜான் ஆப்ரி என்ற பழம்பொருள் ஆர்வலர் இப்படிப்பட்ட கல்வட்டங்கள் ட்ரூயிட் கோயில்களாக இருக்கலாம் என்று ஊகித்தார், 1740இல் அவரைப் போன்ற இன்னொருவர், வில்லியம் ஸ்டூக்லி, அதையே புத்தகமாகப் போட்டார். கல்லின் காலத்தைக் கணிக்க அன்றைக்கு வழி கிடையாது, ரோமானியருக்கு முந்தைய பூசாரிகள் என்றால் அவர்களுக்குத் தெரிந்த பெயரும் அது ஒன்றுதான், அதனால் ஊகம் அப்படியே ஒட்டிக்கொண்டது.

திருவையாறு வாத்தியார்:
அக்கா சொன்னது சரி. மற்ற இரண்டும் ரோமானியர் எழுதியதிலிருந்தே வந்தவை. கோல் நாட்டில் (இன்றைய பிரான்ஸ் பக்கம்) படை நடத்திய ஜூலியஸ் சீசர், ட்ரூயிட்கள் வழக்குத் தீர்ப்பவர்கள், சிலர் இருபது ஆண்டுவரை பாடம் கேட்பார்கள், அந்தப் பாடத்தை எழுதிவைக்க மாட்டார்கள் என்கிறார். குச்சிகளால் பின்னிய பெரிய உருவத்துக்குள் மனிதர்களை அடைத்துக் கொளுத்தும் பலியைச் சொல்வதும் அவரேதான். நாட்டைப் பிடிக்கப் போனவர் எழுதியது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். வெள்ளை உடை ரோம எழுத்தாளர் பிளினி தந்தது: ஓக் மரத்தில் ஏறி, தங்க அரிவாளால் புல்லுருவியை (நம் மாமரத்தில் ஒட்டி வளருமே, அந்த வகைச் செடி) அறுத்து, கீழே வெள்ளைத் துணியில் ஏந்திக்கொண்டு, இரண்டு வெள்ளைக் காளைகளைப் பலி கொடுப்பார்களாம்.

மன்னார்குடிக்காரன்:
இருபது ஆண்டும் மனப்பாடமா! கும்பகோணத்து வேத பாடசாலைகள்தான் ஞாபகம் வருகிறது. அப்போ அவர்கள் சொன்னதாக எதுவும் மிஞ்சவில்லையா?

குடந்தை வாசகி:
இங்கே குரு, சிஷ்யன் என்று தொடர்ந்து வந்தது, அங்கே அறுந்துபோனது. ரோமப் பேரரசர்கள் தடை போட்டார்கள், கி.பி. 60 வாக்கில் வேல்ஸை ஒட்டிய மோனா தீவுக்குள் படை புகுந்து அவர்களுடைய புனிதத் தோப்புகளை வெட்டியது. அவர்கள் கைப்பட எழுதியது ஒரு வரி கூட இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் 1792இல் யோலோ மோர்கனுக் என்ற வேல்ஸ் கவிஞர் லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் கற்களை வட்டமாக அடுக்கிப் பழைய சடங்கு என்று ஒன்றை நடத்தினார். அவர் காட்டிய சுவடிகளில் பல அவரே புனைந்தவை என்று பின்னால் தெரிந்தும், அந்தச் சடங்கு வேல்ஸின் பெரிய கலைவிழாவில் இன்றும் நடக்கிறது.

திருவையாறு வாத்தியார்:
பலி பற்றி இன்னொன்று. 1984இல் இங்கிலாந்தின் லிண்டோ சதுப்பில் தலையில் அடிபட்டு, கழுத்தில் கயிறு இறுகிய ஒரு பழங்கால ஆணின் உடல் கிடைத்தது. ட்ரூயிட் பலிதான் என்று சிலர் சொன்னார்கள், சாதாரணக் கொலையாகவும் இருக்கலாம் என்று மற்றவர்கள் மறுத்தார்கள், வாதம் முடிந்தபாடில்லை. பாப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்.