அண்ணனின் மரபணு அறிக்கை: விளக்கம் தேவை

வணக்கம். மரபணு ஆலோசகர்களோ மருத்துவர்களோ இங்கே இருந்தால் உதவுங்கள்.

எச்சில் மாதிரி அனுப்பிச் செய்த மரபணுப் பரிசோதனையில் என் அண்ணனுக்கு ‘மாரடைப்பு அபாயம் சராசரியைவிடக் குறைவு’ என்று வந்திருக்கிறது. அதை நம்பி ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தப் போகிறாராம். (பச்சை நிறத்தில் அச்சிட்டிருந்தால் எதையும் நம்பிவிடுவார்.)

மூளை நரம்புகளைச் சிதைக்கும் ஹன்டிங்டன் நோய் ஒரே மரபணுவால் வருவது. அந்த மரபணுவில் சிஏஜி என்ற டிஎன்ஏ எழுத்துத் தொடர் 40 முறையோ அதற்கு மேலோ திரும்ப வந்தால் நோய் ஏறக்குறைய உறுதி. மாரடைப்பு அப்படியா? நூற்றுக்கணக்கான மரபணு வேறுபாடுகள் ஒவ்வொன்றும் கொஞ்சமாகப் பங்களிக்கின்றன. புகை, கொழுப்பு, வயது, ரத்த அழுத்தம் எல்லாம் தனிக் கணக்கு. போதாக்குறைக்கு, இந்த வேறுபாடுகளைக் கூட்டி அபாயத்தைச் சொல்லும் மரபணு மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவைக் கொண்டு உருவானவை. மற்றவர்களுக்குத் துல்லியம் குறைகிறது.

சொல்லிப் பார்த்தேன், மசியவில்லை. ‘சராசரியைவிடக் குறைவு’ என்பதை, அடுத்த 10 ஆண்டுகளில் நூற்றில் எத்தனை பேருக்கு என்று மாற்றிக் காட்ட வழி உண்டா? மரபணு மதிப்பெண்ணையும் ரத்த அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிடும் நம்பகமான முறை எது? அவருடைய மருத்துவரைப் பார்க்கும்வரை மாத்திரையைத் தொடரச் சம்மதித்திருக்கிறார். அதற்குள் பதில் கிடைத்தால் நல்லது.