ஓட்டுக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், நினைவிருப்பதை எழுதி வையுங்கள்

1991 பேட்ச், பத்தாம் வகுப்பு பி பிரிவு

போன சனிக்கிழமை ஸ்டேஷனில் இறங்கி நம்ம ஸ்கூல் வழியாக நடந்து போனேன். ஆறாவது முதல் எட்டாவது வரை நாம் உட்கார்ந்திருந்த ஓட்டுக் கட்டடத்தின் தூண்களில் சிவப்புப் பெயின்ட்டில் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்களே, அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பழைய பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்தார்கள். நம் கட்டடம் அப்போதே பட்டியலில் ஏறிவிட்டதாம். இப்போதுதான் ஆள் வருகிறது. இடிக்கட்டும், மழைக்காலத்தில் பெஞ்சு மேல் வாளி வைத்துக்கொண்டு பாடம் கேட்டவன் நான். ஆனால் அதற்குள் ஆளுக்கொன்று எழுதிவிடுங்கள்.

என் பங்குக்கு மணி. வேப்பமரத்துக் கிளையில் கம்பியில் தொங்கிய முழ நீளத் தண்டவாளத் துண்டு. அடிப்பதற்கு ஒரு பெரிய போல்ட். கடைசி பீரியடில் எல்லாருடைய காதும் அங்கேதான் இருக்கும். சென்னை-தாம்பரம் பாதையில் அப்போது மீட்டர் கேஜ் மின்சார ரயில் (2004 வரை ஓடியது). ரயில் போகும்போது அந்தத் துண்டு லேசாக அதிரும், "ங்ங்" என்று ஒரு சத்தம் வரும். மணி அடித்துவிட்டது என்று ஒருமுறை மொத்த 7-ஏ பிரிவும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிட்டது. மறுநாள் மொத்தப் பிரிவும் முட்டி போட்டது.

1980, பிளஸ் டூ

நீங்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகள். எங்கள் வீட்டில் அப்பா இதை "போர்டு ஸ்கூல்" என்றுதான் சொல்வார், ஜில்லா போர்டு நடத்திய நாளிலிருந்து வந்த பேர். என் அண்ணன் இங்கே பதினொன்றாவது வரை படித்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பி.யு.சி. என்கிற ஒரு வருஷப் புகுமுக வகுப்புக்குக் கல்லூரிக்குப் போனார். நான் பத்தாவது முடித்த 1978ல் பி.யு.சி.யை எடுத்துவிட்டுப் பள்ளியிலேயே மேல்நிலை வகுப்பு என்று ஆக்கினார்கள். அண்ணன் மாதிரி பேன்ட் போட்டுக்கொண்டு காலேஜ் போகலாம் என்று இருந்தவனுக்கு மறுபடியும் அதே வேப்பமரம்.

வகுப்பு வந்துவிட்டது, லேப் வரவில்லை. இயற்பியல் வாத்தியார் வந்து சேரவே சில மாதம் ஆயிற்று. திருகு அளவி ஒன்றே ஒன்று, நாற்பது பேர் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு திருகு திருகிவிட்டுப் போனோம். செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சாமான் கடன் வாங்க நானும் இன்னொருவனும் சைக்கிளில் போனோம். பிப்பெட், பியூரெட் எல்லாவற்றையும் கெமிஸ்ட்ரி சாரின் வேட்டியில் சுற்றி, பிள்ளைத்தாச்சியை அழைத்து வருகிற மாதிரி ஜி.எஸ்.டி. ரோட்டில் தள்ளிக்கொண்டே வந்தோம். ஒன்றும் உடையவில்லை. 1980 மார்ச்சில் மாநிலத்துக்கே அதுதான் முதல் பிளஸ் டூ தேர்வு. கேள்வித்தாள் எப்படி இருக்கும் என்று கேட்க எங்களுக்கு முன்னால் ஒரு சீனியர்கூட இல்லை.

மேற்குக் காற்று அடித்தால் நாகல்கேணிப் பக்கமிருந்து தோல் பதனிடுகிற வாடை வகுப்புக்குள் வரும். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர்கள் மூக்கை மூடுவார்கள். எங்களில் பாதிப் பேருக்கு அது அப்பா வீட்டுக்கு வருகிற வாசனை.

1992 பேட்ச், சத்துணவு ஆயாவின் மகள்

எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவு தொடங்கியபோது சின்னப் பிள்ளைகளுக்குத்தான் சோறு. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 1984 செப்டம்பரில்தான் வந்தது. நம்ம ஸ்கூலில் அடுப்பு மூட்டியதும், எங்கம்மா வேலைக்குச் சேர்ந்ததும் அப்போதுதான். சமையற்கூடம் என்று அப்போது எங்கே இருந்தது? ஓட்டுக் கட்டடத்தின் பின்தாழ்வாரம்தான். அந்தச் சுவர் கரி பிடித்துக் கறுப்பாக இருக்கிறதே, அது அம்மா அடுப்பு.

1989ல் முட்டை வந்தது, இரண்டு வாரத்துக்கு ஒன்று. முட்டை நாளன்று அம்மா விடியற்காலையிலேயே என்னையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடும். பெரிய பக்கெட்டில் தண்ணீர் ஊற்றி ஒவ்வொரு முட்டையாக விட வேண்டும். அடியில் படுத்தால் நல்லது, நட்டுக்கொண்டு நின்றால் சந்தேகம், மிதந்தால் அழுகல். சந்தேகத்தை அம்மா காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்கும். எண்ணிக்கை குறைந்தால் அமைப்பாளர் கணக்கு கேட்பார், அழுகியது பிள்ளை தட்டுக்குப் போனால் ஊரே கேட்கும். ஒருநாள் பதினோரு முட்டை மிதந்தது. அம்மா யாரிடமும் பேசாமல் கடைக்குப் போய்த் தன் காசில் பதினொன்று வாங்கி வந்தது.

நான் மட்டும் அந்தச் சோற்றை வகுப்புப் பிள்ளைகள் முன்னால் சாப்பிட மாட்டேன், தாழ்வாரத்துக்குப் பின்னால் போய்விடுவேன். வரிசையில் கரண்டி பிடிப்பது என் அம்மா என்று யாருக்கும் தெரியக் கூடாது என்று. தெரியாமலா இருந்திருக்கும்?

1997 பேட்ச், பன்னிரண்டாம் வகுப்பு

எல்லாரும் உருகுகிறீர்கள், உருகுங்கள். எனக்கு ஒன்றுதான் கேட்க வேண்டும். மதியம் தண்ணீர் குடித்த பெண் யாராவது இங்கே இருக்கிறீர்களா? நாங்கள் குடிக்க மாட்டோம். காலையில் வீட்டில் ஒரு வாய், சாயங்காலம் வீட்டில் ஒரு சொம்பு. நடுவில் ஒன்றும் கிடையாது. பெண்களுக்கு என்று இருந்தது கூரையில்லாத நாலு சுவர், அதுவும் ரயில்வே லைன் பக்கம். மாதவிலக்கு நாளில் லீவு லெட்டரில் "காய்ச்சல்" என்று எழுதி எழுதி, எனக்கு மாதாமாதம் காய்ச்சல் வருகிறது என்று ஒரு சார் டாக்டரிடம் போகச் சொன்னார். ஓட்டுக் கட்டடம் போவதற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விட மாட்டேன்.

1999 பேட்ச்

நான் எட்டாவதில் பெயிலாகி ஒரு வருஷம் கூடுதலாக உட்கார்ந்தவன், எனக்கு அந்தக் கட்டடம் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். 2015 டிசம்பர் 1 ராத்திரி முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அடையாறு வரதராஜபுரம், முடிச்சூர் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டுதான் ஓடியது. மறுநாள் படகில் எடுத்து, அப்புறம் லாரியில் ஏற்றி, இறக்கிவிட்ட இடத்தைப் பார்த்தால் நம்ம ஸ்கூல்.

ஹெச்.எம். அம்மா வராந்தாவில் மேசை போட்டு வருகைப் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தாள் கிடைக்கவில்லையாம். பிள்ளைகள் பெயருக்குக் கீழே காலியாக இருந்த கட்டங்களில் குடும்பத் தலைவர், எத்தனை பேர், எந்தத் தெரு என்று எழுதினார். தெருவுக்கு ஒரு வகுப்பு. எங்கள் தெருவுக்கு விழுந்தது 8-பி. என் பையன் என்னிடம், "அப்பா, இங்கேதான் நீ பெயிலானியா?" என்று கேட்டான், தெருவே கேட்கிற மாதிரி.

நாலு ராத்திரி இருந்தோம். மாடிக் கட்டடத்தில் கரன்ட் இல்லை, ஓட்டுக் கட்டடத்திலும் இல்லை, ஆனால் இங்கே காற்றாவது வந்தது. அந்த வருஷம் அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப் போயிற்று. நாங்கள் காலி செய்த பிறகு பெஞ்சுகளைக் கழுவிக் காயவைக்கப் பழைய மாணவர்கள் ஒரு முப்பது பேர் போனோம். ஒரு பெஞ்சில் நான் காம்பஸால் கீறிய என் இனிஷியல் இருந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியை, 1988 முதல் 2014 வரை

1997 பேட்ச் பெண்ணுக்கு. நீ யாரென்று எனக்குத் தெரியவில்லை அம்மா, ஆனால் நீ சொன்னது அத்தனையும் உண்மை. கழிப்பறை கேட்டு வருஷத்துக்கு ஒரு தடவை எழுதிப் போட்டோம், பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் தீர்மானம் போட்டோம். இது ஊருக்குச் சொல்கிற பதில். இன்னொன்று இருக்கிறது. ஆசிரியைகளுக்கு என்று பூட்டு போட்ட கழிப்பறை ஒன்று இருந்தது. சாவி என் கைப்பையில். பெரிய வகுப்புப் பெண்கள் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை. ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்று நினைத்தேன். கேட்டால் என்ன என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

நல்லதாக ஒன்று சொல்வதென்றால் சைக்கிள். 2005-06ல் பிளஸ் ஒன் படிக்கிற எல்லாருக்கும் என்று அரசு அதை விரித்தபோது லாரியில் பாகம் பாகமாக வந்து இறங்கியது. மைதானம் முழுக்க ஹேண்டில்பார். ஆட்கள் வந்து பூட்ட நாலு நாள் ஆயிற்று. சைக்கிள் ஓட்டத் தெரியாத பெண்களே நிறைய. அந்த வாரம் சாயங்காலம் உடற்கல்வி மாஸ்டர் ஒவ்வொரு பெண்ணின் பின்னாலும் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினார். கிழக்குப் பக்கம் ஏரிக்கரைத் தெருவிலிருந்து நடந்து வந்த பெண்கள் முதல் பீரியடில் தூங்குவது அதற்குப் பிறகுதான் குறைந்தது.

1991 பேட்ச், பத்தாம் வகுப்பு பி பிரிவு

இன்று மறுபடி போனேன். வாட்ச்மேன் உள்ளே விட்டார். மணி இப்போது எலெக்ட்ரிக். தண்டவாளத் துண்டு இருக்கிறது, சமையற்கூடத்து வாசலில் தண்ணீர் டிரம்முக்கு அண்டைக்கல்லாக. கேட்டால் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஆயா அடுப்புக் கரிச்சுவரைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், 1992 பேட்ச் கேட்டால் அனுப்புகிறேன். போல்ட்டைக் காணவில்லை. யாராவது வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் சொல்லுங்கள், திட்ட மாட்டோம்.

1997 பேட்ச், பன்னிரண்டாம் வகுப்பு

டீச்சர், படித்தேன். வேறு ஒருநாள் பேசுகிறேன்.

போல்ட் இருக்கட்டும் அண்ணா. உள்ளே போனீர்களே, பெண்கள் கழிப்பறையைப் பார்த்தீர்களா?

1991 பேட்ச், பத்தாம் வகுப்பு பி பிரிவு

அந்தப் பக்கம் நான் போகக் கூடாதே, அங்கே வேலை செய்கிற அம்மாவிடம் கேட்டேன். எட்டு இருக்கிறதாம். இன்றைக்கு ஐந்தில் தண்ணீர் வருகிறதாம்.