பெசாக் அரிசி, புத்தாண்டு அல்வா: யூத வீட்டு அடுப்படி அனுபவங்கள்

(மூன்று ஊர்களிலிருந்து மூவர் எழுதிய கடிதங்கள்)

ரெஹோவோத், இஸ்ரேல்

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றதை யூதர்கள் நினைவுகூரும் பெசாக் பண்டிகை என்றால் புளிக்காத ரொட்டி என்று நம்மில் பலரும் படித்திருப்போம். அதே பண்டிகையில் அரிசிக்கு உள்ள இடத்தைப் பற்றி அதிகம் பேர் எழுதி நான் பார்த்ததில்லை. சோறு உண்டு வளர்ந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

என் கணவருக்கு வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் வேலை. நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஈராக்கிலிருந்து வந்த யூதக் குடும்பம் ஒன்று இருந்தது. வீட்டின் மூத்தவரைப் பிள்ளைகள் ‘பீபி’ என்பார்கள். பாக்தாத் வழக்கப்படி பாட்டி. நாளடைவில் எனக்கும் அவர் பீபிதான். 1951-ல் விமானத்தில் வந்து இறங்கியபோது அவர் பள்ளிச் சிறுமி. 1950, 1951 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 1,20,000 யூதர்கள் ஈராக்கை விட்டு இஸ்ரேலுக்கு வந்தார்கள். கூடார முகாம், ரேஷன், அரிசித் தட்டுப்பாடு என்றுதான் அவர்கள் வாழ்க்கை தொடங்கியது. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மாவை அரிசி வடிவில் உருட்டி வறுத்து விற்றார்கள். மக்கள் அதற்கு ‘பென்குரியன் அரிசி’ என்று பிரதமர் பெயரையே வைத்துவிட்டார்கள். பீபிக்கு அதைக் கண்டாலே ஆகாது. பெசாக்கில் அதற்கு வேலையும் இல்லை, கோதுமை ஆயிற்றே.

கோதுமை, வாற்கோதுமை, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் என்ற ஐந்து தானியங்களில் எதுவும் தண்ணீர் பட்டுப் புளித்தால் அது ‘ஹமெட்ஸ்’. பெசாக் ஏழு நாளும் அது வீட்டிலேயே இருக்கக் கூடாது. மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடத்துக்குள் வெந்து முடிந்தால்தான் ‘மட்சா’ என்ற புளிக்காத ரொட்டி செல்லும். கடைகளில் பிஸ்கட், மாவு அடுக்கிய தட்டுகளை வெள்ளை பிளாஸ்டிக் விரிப்பால் மூடிவிடுவார்கள். ஹமெட்ஸை விற்பனைக்குக் காட்சியில் வைக்கக் கூடாது என்று 1986-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள்.

இனி அரிசிக்கு வருகிறேன். ஐரோப்பிய வழியில் வந்த அஷ்கெனாசி யூதர்கள் பல நூற்றாண்டுகளாகப் பெசாக்கில் அரிசி, பருப்பு, சோளம் எதையும் தொடுவதில்லை. ஈராக் யூதர்கள் அரிசி உண்பார்கள். ஆனால் மூன்று முறை பொறுக்கி எடுத்த பிறகுதான். ஒரே சாக்கில் முன்பு கோதுமை இருந்திருக்கலாம், பக்கத்து வயலிலிருந்து கலந்திருக்கலாம். ஒரு மணி கோதுமை பானைக்குள் போனாலும் மொத்தச் சோறும் வீண்.

பண்டிகைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே பீபி சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணியை விரித்துவிடுவார். ஜன்னலோரம், காலை வெளிச்சத்தில். கைப்பிடி அரிசியைத் துணியின் ஒரு பக்கம் கொட்டி, ஒற்றை விரலால் இரண்டு மூன்று மணிகளாகத் தள்ளித் தள்ளி மறுபக்கம் சேர்ப்பார். அவசரம் கூடாது, அரட்டையும் கூடாது. கண் கூர்மையான பேரப்பிள்ளைகளுக்குத்தான் இரண்டாவது முறை. எங்கள் வீட்டில் முறத்தில் கல்லும் நெல்லும் பொறுக்கிப் பழகிய கை என்பதால் எனக்கும் ஓரத்தில் இடம் கிடைத்தது. நான் பார்த்த பங்கைப் பீபி தானும் ஒரு முறை பார்ப்பார். ஒரு காலை பத்து வயதுப் பேத்தி திடீரென்று “பீபி!” என்று கத்தினாள். விரல் நுனியில் ஒரு கோதுமை மணி: பழுப்பு நிறம், நடுவே கோடு, பாஸ்மதி அரிசியைவிடக் குட்டை. வீடே எழுந்து வந்து பார்த்தது. பீபி அவள் நெற்றியில் முத்தமிட்டு, அந்த மணியைச் சிறு கிண்ணத்தில் தனியே வைத்தார். ‘வீட்டைக் காப்பாற்றியவள்’ என்று அன்று முழுக்க அவளுக்குப் பட்டம். பிள்ளைகளுக்கு ஒப்புக்கு ஒரு வேலை கொடுத்து உட்கார வைக்கும் வழக்கம் அங்கே இல்லை. அவள் கண் தவறியிருந்தால் உண்மையிலேயே பண்டிகை கெட்டிருக்கும். அது அவளுக்கும் தெரியும்.

மருமகள் போலந்திலிருந்து வந்த குடும்பத்துப் பெண். கல்யாணத்துக்கு முன் பெசாக்கில் ஒரு பருக்கை சோறு உண்டதில்லை. மணமானதும் கணவன் வீட்டு வழக்கத்தை ஏற்றுக்கொள்வது முறை. முதல் ஆண்டு தட்டில் சோறு விழுந்தபோது கை நடுங்கியது என்று என்னிடம் சொன்னார். அவருடைய பெற்றோர் விருந்துக்கு வரும்போது சோறு அவர்கள் பக்கம் போகாது. அவர்களுக்காக மட்சா மாவில் உருண்டை பிடித்துப் போட்ட கோழி சூப் தனிப் பானையில் இருக்கும். ஒரே மேசையில் இரண்டு வழக்கம். யாரும் யாரையும் திருத்துவதில்லை. அந்த மரியாதையை நான் மிகவும் விரும்பினேன்.

பொறுக்கிய அரிசியில் ஒரு பங்கு ‘குப்பா’வுக்குப் போகும். ஊறவைத்து உலர்த்தி அரைத்த அரிசியோடு கொழுப்பில்லாத இறைச்சியை அரைத்துப் பிசைவார்கள். ஈரக் கையில் சிறு உருண்டை எடுத்து, கட்டைவிரலால் குழித்துச் சொப்பு செய்து, வெங்காயம் சேர்த்த கொத்துக்கறியை வைத்து மூடி, பீட்ரூட்டும் எலுமிச்சையும் சேர்ந்த புளிப்புக் குழம்பில் இறக்குவது. என் சொப்பு மெல்லியதாக வந்ததைப் பார்த்துப் பீபி அசந்துபோனார். பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவது மட்டும் அவர் கையால்தான். யூதரல்லாதவர் சமைப்பதற்கு அவர்கள் சட்டத்தில் வரம்பு உண்டு என்பதை முகத்துக்கு நேரே சொன்னார். ஒளிக்காமல் சொன்னதால் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

பண்டிகை இரவு விருந்துக்குச் ‘செடர்’ என்று பெயர். எகிப்தில் அடிமைகளாய் மண் குழைத்த காலத்தின் நினைவாக ஹரோசெத் என்ற இனிப்புக் கலவை வைப்பார்கள். அஷ்கெனாசி வீடுகளில் ஆப்பிள், வால்நட், பட்டை, திராட்சை மது. பீபி வீட்டில் பேரீச்சைப் பாகும் வால்நட்டும், அவ்வளவுதான். நடுவில் ஒரு பையன் மட்சாவைத் துணியில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு வருவான். “எங்கிருந்து வருகிறாய்?” “எகிப்திலிருந்து.” “எங்கே போகிறாய்?” “எருசலேமுக்கு.” பாக்தாத்தில் தன் அண்ணன் அப்படி வந்து நின்றதைச் சொல்லும்போது பீபியின் குரல் மாறிவிடும்.

தாணே, மகாராஷ்டிரம்

ரெஹோவோத் கடிதத்தில் அரிசி பொறுக்கியதைப் படித்ததும் எங்கள் பழைய குடியிருப்பு நினைவுக்கு வந்தது. எதிர் வீட்டார் பெனே இஸ்ரேல் யூதர்கள், தாய்மொழி மராத்தி. கொங்கண் கரையோரக் கிராமங்களில் செக்கு ஆட்டி எண்ணெய் எடுத்தவர்களின் வழி. ஓய்வுநாளான சனிக்கிழமை செக்கு ஓட்டாததால் ஊரார் அவர்களை ‘சனிவார் தேலி’ (சனிக்கிழமை எண்ணெய்க்காரர்) என்றார்கள்.

அவர்களின் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்குச் ‘சிக் அல்வா’ கிண்டுவார்கள். கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து, தெளிய விட்டு, மேல்நீரை இறுத்துவிட்டு அடியில் தங்கியதை எடுப்பது. இதுவரை கேட்டால் திருநெல்வேலிக்காரர்கள் அனைவரும் தலையாட்டுவார்கள். அதற்கு மேல் வழி பிரிகிறது: நெய் கிடையாது, தேங்காய்ப்பால்தான். இறைச்சி உண்ட விருந்தில் பால் பொருள் சேரக் கூடாது என்பது அவர்கள் சட்டம். தென்னை அடர்ந்த கரையில் வாழ்ந்தவர்களுக்கு அதற்கு விடை கொல்லையிலேயே இருந்தது. சர்க்கரை, ஏலக்காய், கொஞ்சம் ரோஜா நிறம். அகன்ற பாத்திரத்தில் மணிக்கணக்காகக் கிண்ட வேண்டும். ஆஜி, அதாவது அந்த வீட்டுப் பாட்டி, ஸ்டூலில் உட்கார்ந்து பதம் பார்ப்பார். மகன், மருமகள், பேரன்கள், எதிர் வீட்டு நான் என்று கரண்டி கை மாறும். கரண்டியை வாங்குகிறவர் கை வைத்த பிறகுதான் கொடுப்பவர் விட வேண்டும். நொடி நின்றாலும் அடி பிடித்துவிடும். ஓரம் விட்டுச் சுருண்டு வரும்போது தட்டில் கொட்டி, பாதாம் தூவி, ஆறியதும் வில்லை போடுவார்கள்.

யூத உணவு விதிப்படியான கோஷர் மது கிடைக்காத ஊர் என்பதால், சடங்குக்குக் கறுப்பு உலர்திராட்சையை ஊறவைத்துக் கொதிக்கவிட்டுப் பிழிந்த சாற்றையே பயன்படுத்துவார்கள். வேண்டுதல் நிறைவேறினால் ‘மலிதா’: அவல், தேங்காய்த்துருவல், சர்க்கரை, ஏலக்காய், சுற்றிலும் பழங்கள், எலியா தீர்க்கதரிசியின் பெயரைச் சொல்லிப் பாடிய பிறகு பங்கிடுவார்கள். எனக்கு வேலை கிடைத்தபோது ஆஜி எனக்காக ஒரு மலிதா செய்தார். இன்று அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் இஸ்ரேலில். அங்கே அல்வாவுக்குச் சிலர் சைனா கிராஸ் சேர்த்துச் சீக்கிரம் முடித்துவிடுகிறார்களாம். அது உறையும், ஆனால் கிண்டிய அல்வாவின் இழுவை அதில் வராது. ஒரு முறையாவது கோதுமைப்பால் எடுத்துச் செய்யுங்கள் என்று அவர்களிடம் கெஞ்சிக்கொண்டே இருக்கிறேன்.

எர்ணாகுளம்

என் அம்மா மட்டாஞ்சேரியில், யூதத் தெருவுக்கு அருகே வளர்ந்தவர். விளக்கேற்றும் பண்டிகையான ஹனுக்கா முடிந்த கையோடு அங்கே பெசாக் வேலை தொடங்கிவிடும் என்பார். வீடுகளுக்கு வெள்ளையடிப்பு, கிணறு இறைத்துச் சுத்தம் செய்தல், மாதக்கணக்கில் அரிசி பொறுக்குதல். அந்த நாட்களில் வாசலில் நின்றுதான் பேசுவார்களாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை கையில் பிஸ்கட்டோடு உள்ளே ஓடிவிடக் கூடாதே. ஹனுக்காவுக்கு எண்ணெய்ப் பலகாரம் உண்ண வேண்டும் என்பதால் நெய்யப்பம். இப்போது அந்தத் தெருவில் பழம்பொருள் கடைகள்தான். நெகேவ் பாலைவனத்து நெவாத்திம் கிராமத்தில் குடியேறிய கொச்சி யூதர்களிடம் இந்த வழக்கங்களில் எவை மிஞ்சியிருக்கின்றன? நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள். ரெஹோவோத் கடிதத்தில் வந்த பேரீச்சைப் பாகின் செய்முறையும் வேண்டும்.

ரெஹோவோத், மீண்டும்

பாகு கேட்டவருக்கு. பீபி செய்த விதம் இது. விதை எடுத்த பேரீச்சை ஒரு கிலோ. மூழ்கி மேலே நான்கு விரல் நிற்கும்வரை தண்ணீர். சிறு தீயில் குழையும்வரை வேகட்டும். ஆறியதும் மெல்லிய துணியில் கட்டி முறுக்கிப் பிழியுங்கள். சக்கைக்கு இன்னும் கொஞ்சம் வெந்நீர் விட்டு இன்னொரு தடவை பிழிந்தால் நிறையச் சாறு கிடைக்கும். அகன்ற பாத்திரத்தில் சாற்றைக் காய்ச்சி, நுரையை எடுத்துக்கொண்டே இருங்கள். கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்கும்போது இறக்கிவிட வேண்டும், ஆற ஆற இன்னும் இறுகும். சர்க்கரை வேண்டாம். வால்நட்டை ஒன்றிரண்டாகத் தட்டி, பரிமாறும் நேரத்தில் மட்டும் கலக்குங்கள். முன்பே போட்டால் மொறுமொறுப்பு போய்விடும்.